வெட்டக்கூடாத கேக்

கத்தி சரியான இடத்தில்தான் இறங்கியது. சிவப்பு றிபன் கட்டிவைத்திருந்த அந்த ஒரே இடத்தில். மெலனி ஒரு துண்டை எடுத்து மாப்பிள்ளைக்கு ஊட்டினாள். மாப்பிள்ளை மார்ட்டின் ஒரு துண்டை எடுத்து அவளுக்கு ஊட்டினான். மண்டபம் கை தட்டியது.

மொன்றியலுக்கு அக்கரையில், புரோசார்டில் இருந்த அந்தப் பெரிய மண்டபத்தின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற, கேக்கைச் செய்த நான், அப்போதுதான் மூச்சை விட்டேன். காலையிலிருந்து வாயில் பச்சைத்தண்ணீர் பட்டிருக்கவில்லை.

மூச்சை முழுதாக விட்டு முடிக்கவில்லை. கறுப்புக் காற்சட்டை போட்ட பரிமாறுகிற பொடியன்கள் இரண்டு பேர் வந்தார்கள். கேக் நின்ற சில்லு மேசையை மெதுவாகத் திருப்பி, குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

"மச்சாள், அதை எங்கை கொண்டு போறாங்கள்?" என்றேன்.

என் கணவரின் தங்கை ஜெசி பக்கத்தில் நின்றாள். அவள் எதற்கும் பதறாத பிறவி. "ஒரு ஓரத்திலை வைக்கவாக்கும். நீங்கள் போய் ரெண்டு கட்லட்டாவது சாப்பிடுங்கோ. முகம் வெளிறிப்போய்க் கிடக்கு."

குசினிக் கதவு திறந்தது. உள்ளே ஒரு நீண்ட மேசை. அதில் அடுக்கடுக்காக வெள்ளைத் தட்டுகள். தட்டுகளுக்குப் பக்கத்தில் உயரத் தொப்பி போட்ட சமையல்காரர், கையில் ஒரு நீளக் கத்தி.

கதவு மூடிக்கொண்டது.

இந்தத் தொடரை வாசிக்கிற இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் இலங்கைத் தமிழ்க் கல்யாணங்களில் மேடையில் நிற்கிற மூன்றடுக்குக் கேக், கேக் அல்ல. உள்ளே முழுக்க றெஜிபோம். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் சுற்றிவர வைத்து வருமே, அந்த வெள்ளைச் சாமான். அதன் மேல் ஐசிங் பூசி, பூ வைத்து, முத்து ஒட்டி எடுப்போம். அடித்தட்டில் ஒரு சின்னக் குழி வெட்டி, அதற்குள் மட்டும் உண்மையான கேக்கை வைப்போம். மணமக்கள் வெட்டுவது அந்த இடத்தை. சனத்துக்குக் கொடுக்கிற உண்மையான கேக் வேறாக, துண்டு துண்டாக வெட்டி, மெழுகுத் தாளில் சுற்றி, சின்னப் பெட்டிகளில் போட்டு, வாசலில் கூடையில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பெட்டி.

இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

மாத்தறைக் கேக்

அந்தக் கதவுக்குப் பின்னால் ஓடுவதற்கு முன், பெட்டிகளில் இருந்த அந்த உண்மையான கேக் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். இலங்கையின் தெற்கே மாத்தறைப் பக்கம் ஒரு ஸ்ரேசனில் நெடுங்காலம் இருந்தார். நான் வளர்ந்தது அங்கேதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் சொந்தக்காரர் எங்களைத் 'தெற்கத்தியார்' என்று பகிடி பண்ணுவார்கள்.

பக்கத்து வீட்டில் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்மணியும் அம்மாவும் வேலிக்கு மேலால் சாமான் மாற்றிக்கொள்வார்கள். அம்மா ஒடியல் மாவும் கருவாடும் கொடுப்பார். அங்கிருந்து வருவது கேக். பிறகு கேக் செய்கிற முறையும் வந்தது.

கறுத்த, ஈரமான, பாரமான கேக். மாவுக்குப் பதில் வறுத்த ரவை. சின்னச் சின்னதாக வெட்டிய கஜு, பிளம்ஸ், இஞ்சிப் பாகு, சீனிப் பாகில் ஊறிக் கண்ணாடி போல் ஆன நீற்றுப்பூசணி. பன்னீர் கொஞ்சம், பிரண்டி அதைவிடக் கொஞ்சம் கூட. பிரண்டி ஊற்றும்போது அப்பா பக்கத்தில் நிற்பார். போத்தலை மூடும் பொறுப்பு அவருடையது என்பார்.

கேக் அடிக்கிற நாளில் எங்கள் வீட்டில் சமையல் இல்லை. பட்டரும் சீனியும் பெரிய பேசினில். அப்பா நிலத்தில் சாக்கு விரித்து, பேசினை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, மரக்கரண்டியால் அடிப்பார். சீனி கரகரப்பது நிற்கும்வரை அடிக்கவேண்டும். நாங்கள் காதை வைத்துக் கேட்போம். "இன்னும் கதைக்குது அப்பா" என்போம். அவர் பெருமூச்சு விட்டுக் கரண்டியை மற்றக் கைக்கு மாற்றுவார்.

பிறகு ஒரு இனக்கலவரம் வந்தது. வீட்டையும் தளபாடங்களையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் வந்தோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் இருந்தார்கள். இந்தத் தவணை, அடுத்த தவணை என்று தள்ளிப்போய், பிறகு அதைப் பற்றிய கதையே இல்லாமல் போனது. எனக்கு எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடப்பது அந்தப் பயணத்தோடுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். கதவைப் பூட்டினால் மூன்றுதரம் இழுத்துப் பார்ப்பேன். இன்றைக்கும்.

கேக் மட்டும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் அதற்கு 'மாத்தறைக் கேக்' என்று பெயர் விழுந்தது.

சும்மா கொடுத்த காலம்

கனடாவில் மொன்றியலுக்கு வந்தபின் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன ஓவனில் அதையே செய்தேன். நத்தார் நெருங்கினால் மாடிப்படி முழுக்கப் பன்னீர் மணக்கும். எதிர்வீட்டு பிலிப்பீன்ஸ்காரி கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இண்டைக்கா?" என்று கையால் கேட்பாள்.

எல்லாம் சும்மா கொடுத்ததுதான். கோயில் ஆட்களுக்கு, நான் துப்புரவு வேலை செய்த ஆசுப்பத்திரியில் தாதிமாருக்கு, பேருந்தில் தினமும் கண்டு சிரிக்கிற ஹெயிட்டிக்காரிக்கு. அம்மாவும் அப்படித்தான். தட்டில் அடுக்கி, பூத்தையல் போட்ட துணியால் மூடி, வீடு வீடாக அனுப்புவார். கேக்கை விற்பது என்றால் அம்மாவுக்கு அது ஏதோ பிள்ளையை விற்பது மாதிரி.

விற்கலாம் என்று முதலில் சொன்னது ஜெசி.

"மச்சாள், சும்மா குடுத்தால் சனம் 'நல்லாயிருக்கு' எண்டுதான் சொல்லும். காசு வாங்கிப் பாருங்கோ. அப்பதான் உண்மை தெரியும்."

"எனக்கு அந்த உண்மை தேவையில்லை."

"பயந்தாங்கொள்ளி."

"ஓம். அதுக்கென்ன?"

ஆனால் அவள் விடவில்லை. என்னைக் கேட்காமல் கோயில் நத்தார் சந்தையில் ஒரு மேசை எடுத்துவிட்டாள். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மேசை மத்தியானத்துக்கு முன்பே வெறுமையாகிவிட்டதாக வந்து சொன்னாள். அதன்பின் ஞானஸ்நானம், முதல்நன்மை, பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாக வந்தன. என் கணவர் சேவியர் புவாண்ட்-கிளேரில் களஞ்சியசாலை வேலை முடிந்து வரும் வழியில், எங்கோ ஒரு பழைய பெரிய மிக்சரைக் கண்டுபிடித்து வாங்கிவந்தார். அதைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் குத்துவார். அவருக்கும் ஒரு துண்டு போகும். குத்து நிற்கும்.

திங்கட்கிழமைக்குள்

எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் ஒரு போர்த்துக்கீசக் கிழவர் பேக்கரி வைத்திருந்தார். அவருக்கு ஓய்வெடுத்து மகளிடம் போகவேண்டும். கடையையும் ஓவனையும் எங்களுக்கே தர விரும்பினார். வேறு ஆட்களும் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லிவிடுங்கள் என்றார்.

ஓம் என்றால் நான் ஆசுப்பத்திரி வேலையை விடவேண்டும். நிரந்தர வேலை. படிக்காத எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே உறுதியான சாமான் அது. விட்டால் திரும்பக் கிடைக்காது.

சேவியர் முடிவை என் தலையில் போட்டார். "றீற்றா, நீ ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது."

நான் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மெலனியின் கல்யாணம் சனிக்கிழமை. எங்கள் முதல் கல்யாண ஓடர். கோயில் சனம் முழுக்க வரும். அது ஒரு குறையுமில்லாமல் முடிந்தால் ஓம். ஒரு சின்னப் பிழை வந்தாலும் இல்லை. திங்கட்கிழமை வழமைபோல் ஆசுப்பத்திரியைக் கூட்டத் தும்புத்தடியைத் தூக்குவது.

சனிக்கிழமை காலை வான் வண்டியின் பின்பக்கம் கேக்கோடு குந்திக்கொண்டு போனேன். பாலத்தில் வந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை மந்திரம். "இஞ்சேருங்கோ, மெல்ல." "இதைவிட மெல்லப் போனால் இறங்கித் தள்ளவேணும்" என்றார் சேவியர்.

அப்படிக் கொண்டுவந்து சேர்த்த கேக்தான் இப்போது குசினிக்குள் போயிருந்தது.

குசினிக் கதவுக்குப் பின்னால்

நான் ஓடினேன். சாறியைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குக்கூட ஓடாத ஓட்டம். ஆனாலும் பிந்திவிட்டேன்.

கதவைத் தள்ளும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கிறீச். பல் கூசுகிற சத்தம். சமையல்காரர் நடு அடுக்கில் பாதிவரை அறுத்துவிட்டு, மேலும் அறுக்க முடியாமல் நின்றார். மேசை முழுக்க வெள்ளைக் குறுணி. அவருடைய கறுத்த மீசையிலும் பனி விழுந்தது போல ஒட்டிக்கிடந்தது.

"மடாம்," என்றார், "செ து பிளாஸ்டிக்!"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஆசுப்பத்திரித் தரையும் குப்பைவாளியும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை விளங்கப்படுத்த முடியாது. "உய், உய்" என்றேன். "கத்தோ, நோன்," கேக் இல்லை என்றேன். மேடைப் பக்கம் கையைக் காட்டினேன். வாசல் பக்கம் காட்டினேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குள் மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டார். நீலச் சட்டை, முத்துமாலை, நேரான முதுகு. பின்னால் மெலனி. அவளுக்குப் பின்னால் மெலனியின் அம்மா பிலோ அக்கா.

நடந்தது இதுதான். பிரெஞ்சுக்காரரான மாப்பிள்ளை வீட்டாரின் வழக்கத்தில் கல்யாணக் கேக்கைத்தான் கடைசியில் தட்டில் போட்டு எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதனால் அந்த அம்மா மண்டபத்தாரிடம், வேறு இனிப்பு ஒன்றும் வேண்டாம், கேக் இருக்கிறது என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டார். வெளியே மேசைகளில் கோப்பி ஊற்றத் தொடங்கியாயிற்று. கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. றெஜிபோம்தான் உண்டு.

பிலோ அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "ஐயோ றீற்றா, அவையளுக்கு நீ சொல்லேல்லையோ?"

"நான் ஆரிட்டை அக்கா சொல்லுறது? நீங்களெல்லோ சம்பந்தி."

"எனக்கென்ன தெரியும்? உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்யிறது எண்டு நினைச்சன்."

மெலனி தாங்கமுடியாமல் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிரெஞ்சில் படபடவென்று விளங்கப்படுத்தினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு வரி சொன்னார். மெலனி தமிழாக்கத் தயங்கினாள்.

"சொல்லு பிள்ளை" என்றேன்.

"விருந்துக்கு வந்த சனத்துக்குப் பார்க்கிறதுக்கு மட்டும் கேக் வைக்கிறதோ எண்டு கேக்கிறா, அன்ரி."

நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். இல்லை. திங்கட்கிழமை அந்தக் கிழவரிடம் போய் இல்லை என்று சொல்வது. அந்த முடிவில் ஒரு நிம்மதிகூட வந்தது. பயந்தவர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஜெசி தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கேக் பெட்டியை எடுத்தாள். எடுக்கும்போது இன்னும் இரண்டு மூன்று பெட்டிகள் எட்டிப் பார்த்தன.

"உதென்ன மச்சாள், இப்பவே எடுத்து வைச்சிட்டீரோ?"

"பேந்து முடிஞ்சிடும் எண்டுதான்" என்றாள் வெட்கமே இல்லாமல். தாளைப் பிரித்தாள். துண்டை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த அம்மா மணந்து பார்த்தார். கடித்தார். மெதுவாக மென்றார். சமையல்காரர்கூட மீசையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எவ்வளவு இருக்கிறது?" என்று மெலனியிடம் கேட்டார்.

மண்டபம் முழுக்கத் தாளின் சத்தம்

கூடைகளில் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் பிலோ அக்கா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பெட்டியளை உடைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன். அது வீட்டை கொண்டு போறதுக்கு. வெறுங்கையோடை சனம் போனால், கேக்கும் தராமல் அனுப்பினவை எண்டு ரொறன்ரோ வரைக்கும் கதைப்பினம்."

அவர் சொன்னதும் சரிதான். அந்த அம்மா சொன்னதும் சரிதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேக் என்னுடையது என்பதால் வந்த பார்வை. எனக்கு அது பழக்கமில்லை.

"மாப்பிள்ளை பகுதிக்குப் பெட்டியை உடைச்சுத் தட்டிலை போடுவம்," என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை. "எங்கடை ஆக்களுக்குப் பெட்டியோடை குடுப்பம்."

சமையல்காரர் துண்டுகளை மெல்லியதாகச் சீவினார். ஒவ்வொரு தட்டிலும் விசிறி போல வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி கிறீம் விட்டார். தட்டுகள் வெளியே போயின. எங்கள் ஆட்களின் மேசைகளுக்குக் கூடைகள் போயின.

பிரச்சினை உடனே தொடங்கியது.

"என்ன அண்ணை, அங்கை தட்டிலை போகுது, எங்களுக்கு மட்டும் பெட்டியோ?"

"அவை புது ஆக்கள். நாங்கள் பழைய ஆக்கள்."

"கிறீமும் விட்டிருக்கிறாங்கள், பாத்தியளோ?"

"அட, பெட்டியைத் திறவுங்கோவன். உள்ளுக்கை கிடக்கிறதும் உதுதான்."

யாரோ ஒருவர் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் திறந்தார். அடுத்த மேசையும் திறந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க மெழுகுத்தாள் பிரிகிற சத்தம், மரத்தில் மழை விழுவது போல. பிள்ளைகள் குசினி வாசலில் போய்க் கிறீம் கேட்டு நின்றார்கள்.

நான் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் கல்யாணக் கேக்கை மண்டபத்தில் வைத்துத் தின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் அம்மா வாழ்நாள் முழுக்க இந்தக் கேக்கைச் செய்தார். மூடிய தட்டில் போகும். வெறுந்தட்டு திரும்பி வரும். அவர் கேக்கை ஒருவர் வாயில் வைக்கும் நேரத்தில் அவர் எப்போதும் தன் வீட்டில் இருந்தார். நானும் அப்படியே. மணக்கிறது, கொடுக்கிறது, நன்றி கேட்கிறது. தின்கிற முகத்தைக் கண்டதில்லை.

இப்போது கண்டேன். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மார்ட்டினின் தம்பி தட்டை விரலால் வழித்தான். ஒரு சின்னப்பெண் இஞ்சித் துண்டுகளைப் பொறுக்கித் தாயின் தாளில் வைத்தாள். ஒரு மனிதர் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை யோசித்து யோசித்து மறுபடி சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அதையும் எடுத்துத் தின்றார்.

எனக்கு அறிமுகமில்லாத ஒரு அம்மா என் பக்கம் திரும்பினார். "நல்ல கேக்தான் தங்கச்சி. ஆனால் பிரண்டி கொஞ்சம் காணாது."

வேறு நாளென்றால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கிழமை நித்திரை கொள்ளமாட்டேன். அன்றைக்கு நான் ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தேன். "அப்பிடியோ? இஞ்சி எப்பிடி? ரவை வாயிலை தட்டுப்படுதோ?" என்று கேட்டேன். அவர் சந்தோசமாகக் குறை சொல்லத் தொடங்கினார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பசித்தவள் போலக் கேட்டேன்.

போகும்போது மாப்பிள்ளையின் தாய் என்னிடம் வந்தார். கண்ணாடி மாதிரி இருந்த அந்தத் துண்டு என்ன பழம் என்று மெலனி மூலம் கேட்டார். பூசணிக்காய் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை என்று மெலனி சொல்கிறாள்.

பிலோ அக்கா மட்டும் நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நடுவில் வெட்டுக்காயத்தோடு நின்ற மூன்றடுக்கின் படத்தைக் கல்யாண அல்பத்தில் ஒட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஓமும் இல்லையும்

நான் வைத்த கணக்குப்படி பார்த்தால் கல்யாணத்தில் பிழை வந்துவிட்டது. பதில் இல்லை என்றுதான் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து பாதிக் கேக்கை எடுத்துத் தின்பதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை சேவியரும் ஜெசியும் நானும் கிழவரின் பேக்கரிக்குப் போனோம். ஓவன் அணைந்து சூடாறிக்கொண்டிருந்தது. நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

"இங்கே ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போடலாமா?" என்று கேட்டேன்.

"எதற்கு?" என்றார் அவர். "இது பேக்கரி. வாங்குவார்கள், போவார்கள்."

"போகக் கூடாது" என்றேன்.

ஜெசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சேவியர் தொண்டையைக் கனைத்தார். கிழவர் தோளைக் குலுக்கி, கடை உங்களுடையதானால் கதிரையும் உங்களுடையது என்றார்.

வேலையை விட்ட அன்று ஆசுப்பத்திரி வாசலில் நின்று வாந்தி எடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கடை திறந்த காலையில், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்யும் ஒரு தமிழ்த் தம்பி, இரவு வேலை முடிந்து அதே நீல உடுப்போடு வந்தான். மாத்தறைக் கேக்கில் ஒரு துண்டைக் காட்டினான்.

"கட்டித் தாங்கோ அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கட்டுகிற தாளைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன்.

"அடுத்த பஸ்ஸிலை போகலாம், தம்பி," என்றேன். "இருந்து சாப்பிடும்."